காயாத பூச்சு

நேற்று பூசிய சுவரில் டீச்சர் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரல் உள்ளே போனது.

போகக் கூடாது. சிமென்ட் பூச்சு ஒரு ராத்திரி தாண்டிவிட்டால் நகத்தால் கீறினாலும் வெள்ளைக் கோடுதான் விழும். இது பிசைந்து வைத்த மாவு மாதிரி இடம் கொடுத்தது. வெதுவெதுப்பாக வேறு இருந்தது. விரலை எடுத்ததும் குழியின் அடி மெதுவாக எழும்பி, விளிம்போடு சேர்ந்து, உள்ளேயிருந்து யாரோ தள்ளிச் சமன் செய்த மாதிரி மூடிக்கொண்டது.

சுற்றிலும் பூச்சுக் கரணையின் பிடியால் தட்டிப் பார்த்தாள். எல்லா இடமும் கல்லாக இருந்தது. இந்த ஒரு இடம் மட்டும், அவள் தோள் உயரத்தில், ஒரு தட்டு அகலத்துக்குக் காயாமல் கிடந்தது. அது பிள்ளைகள் பூசிய இடமல்ல. எப்படிக் கலவையை வீச வேண்டும், எப்படி மணிக்கட்டைத் திருப்பி இழுக்க வேண்டும் என்று காட்டுவதற்காக முதல் கரணை அவளே போட்ட இடம். அங்கே முன்பு வந்துபோன ஏதோ ஒரு பள்ளிப் பிள்ளை பதித்த கைத்தடம் இருந்தது. சின்னக் கை. மோதிரவிரல் லேசாகக் கோணியிருந்தது. அதன் மேல்தான் கலவையை அடித்துத் தேய்த்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பள்ளியில் அவள் கைத்தொழில் டீச்சர். காகிதப் பூவும் பொத்தான் தைப்பதும் சொல்லிக்கொடுப்பாள். அப்பா கொத்தனார், அம்மா சித்தாள், அவள் மணல் குவியலில் தூங்கி வளர்ந்தவள் என்பதெல்லாம் ஸ்டாஃப் ரூமில் யாருக்கும் தெரியாது. சிமென்ட் தின்ற கைகளை எப்போதும் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டுதான் பேசுவாள். கடல் தாண்டி, முன்பின் தெரியாத இந்த மலைக்கு அவள் வந்ததற்குக் காரணம் இரண்டு. பெண் பிள்ளைகளுக்குத் துணையாக ஒரு பெண் டீச்சர் வேண்டும் என்றார்கள். அந்தப் பெண் பிள்ளைகளில் ஒருத்தி அவள் பெற்றவள்.

காலையில் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சுவரைப் பூசுவது, மத்தியானம் ஆற்றைக் கயிற்றில் கடப்பதும் பாறை ஏறுவதும். 'தொண்டும் சாகசமும்' என்று டூர் கம்பெனிக்காரர்கள் துணியில் எழுதி பஸ்ஸின் பக்கவாட்டில் கட்டியிருந்தார்கள். மகள் தோழிகளோடு முன்சீட்டில் உட்கார்ந்து வந்தாள். வீட்டில்தான் அம்மா, பள்ளிப் பிள்ளைகள் முன்னால் மிஸ். அது இருவருக்கும் உள்ள ஒப்பந்தம்.

"கிளவுஸ் போட்டுக்க பாப்பா. வெறுங்கையால சிமென்ட் தொடாதே," என்று முதல் நாள் காதோரம் சொன்னதற்கு மகள் பல்லைக் கடித்தாள்.

"பாப்பான்னு கூப்பிடாதீங்க மிஸ். எல்லாரும் பார்க்கறாங்க."

கையுறையைப் போட்டுக்கொண்டாள், அது போதும். அவர்கள் வம்சத்தில் மெத்தென்று இருந்த முதல் கை அது. ஒரு பாத்திரம் தேய்க்க விட்டதில்லை. அந்தக் கையை வந்தபடியே திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்பதைத் தவிர டீச்சருக்கு இந்தப் பயணத்தில் வேறு வேலை இல்லை.

பூகோள சார் டீ டம்ளரோடு வாசலில் வந்து நின்றார். குழுவுக்குத் தலைவர் அவர்தான்.

"என்ன மிஸ், சுவத்தோட ரகசியம் பேசறீங்க?"

"இந்த இடம் காயல சார்."

"மலைக்காத்து. துவைச்ச சாக்ஸே காயல."

"மத்த இடமெல்லாம் காஞ்சிருக்கே."

"நம்ம பசங்க கலந்த கலவை மிஸ். ஒரு சட்டில சிமென்ட், அடுத்த சட்டில வெறும் மண்ணு. இது விழாம நிக்கறதே பெரிசு."

அவள் அவரைக் கதவுப் பக்கம் கூட்டிப்போய்ச் சுவரின் விளிம்பைக் காட்டினாள். நிலைக்கதவை ஒட்டிப் பூச்சு உடைந்திருந்த இடத்தில் வெங்காயத்தை அரிந்த மாதிரி அடுக்கடுக்காகத் தெரிந்தது. பூச்சுமேல் பூச்சு. அதன்மேல் பூச்சு. வெளியிலிருந்து பார்த்தால் வகுப்பறையின் நீளம்; உள்ளே வந்தால் ஒரு வராந்தா அளவுதான் இடம். மலையை ஒட்டிய அந்தப் பின்சுவர் ஒவ்வொரு கூட்டமும் பூசப் பூச அறையைத் தின்றுகொண்டே வந்திருந்தது.

சார் சிரித்தார். "பின்னே? தொண்டு செஞ்ச திருப்தி பசங்களுக்கு வேணும், கம்பெனிக்குச் சுவர் வேணும். ஒவ்வொரு தடவையும் புதுச் சுவருக்கு எங்க போவான்? ஊரான் சுவத்தைப் பூசிக் கொடுத்தா நம்ம சுவர் தானா பூசிக்கும் மிஸ். பேசாம வாங்க, டீ ஆறுது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் பள்ளிக்கூடம் என்றார்களே, இந்த ஊரில் வந்த நாளாக ஒரு குழந்தை அழும் சத்தம்கூடக் காதில் விழவில்லை. நடு வயதுக்காரர்கள் வாசலில் உட்கார்ந்து, பூசுகிற பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காமல் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொன்று, அந்த வாசனை. ஈர மணலும் சிமென்டும் அவளுக்குத் தாய்ப்பால் மாதிரி பழகிய வாசனை. அதற்கு அடியில் இங்கே வேறொன்று வந்தது. அவள் அந்தக் காயாத இடத்தில் மூக்கை வைத்து முகர்ந்தாள். வெகுநேரம் இறுக்கி மூடியிருந்த குழந்தையின் உள்ளங்கையை விரித்தால் வருமே, வேர்வையும் புளிப்புமாக, அது.

மத்தியானம் பிள்ளைகளில் பாதிப் பேர் ஆற்றுக்குப் போனார்கள். டீச்சரும் போனாள். மகள் மற்ற பாதியோடு சாரிடம் இருந்தாள். கயிறு ஏறிக் கால் வலிக்கிறது என்றாள். டீச்சருக்கும் அதுவே நிம்மதியாக இருந்தது. ஆற்றை விடச் சுவர் மேல் என்று நினைத்தாள்.

ஆறு பாறைகளுக்கு நடுவில் வெள்ளையாகக் கொதித்து ஓடியது. கரைக்குக் கரை கட்டிய கயிற்றில் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கொக்கி மாட்டி அனுப்பிக்கொண்டிருந்தவரைப் பிள்ளைகள் கயிறு அண்ணன் என்றார்கள். நம் பாஷை பேசுகிற ஆள். எப்போதோ வந்து இங்கேயே தங்கிவிட்டவர். வலது கையில் தோல் கையுறை. சாப்பிடும்போதுகூட அதைக் கழற்றாமல் இடது கையால்தான் சாப்பிட்டார். கயிறு பிடிக்கிற ஆளுக்குக் கை காய்த்திருக்கும் என்று அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிள்ளைகளை அனுப்பி முடித்ததும் அண்ணன் முன்னால் கடந்தார், பின்னால் அவள். அக்கரையில் இறங்கும்போது அவள் கால் பாசியில் வழுக்கியது. அண்ணன் வலது கையை நீட்ட, அவள் அதைப் பற்றிக்கொண்டாள். அவள் தொங்கிய கனத்தில் கையுறை உருவிக்கொண்டு அவள் பிடியிலேயே வந்துவிட்டது. அவர் இடது கையால் அவள் தோளைப் பற்றி மேலே இழுத்துப் போட்டார்.

மூச்சு வாங்க நிமிர்ந்தவள் அந்த வலது கையைப் பார்த்தாள்.

உள்ளங்கையில் ரேகை இல்லை. விரல்களுக்கு நடுவே இடைவெளி இல்லை. நகம் இல்லை. மட்டப்பலகை போட்டுத் தேய்த்து, பஞ்சு நனைத்து இழுத்து முடித்த பூச்சு மாதிரி, சாம்பல் நிறத்தில், வழவழப்பாக, ஒரு துண்டு.

அவர் அவசரப்படாமல் கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டார். மாட்டுவதற்குப் பல்லையும் துணைக்கு வைத்துக்கொண்டார்.

"பயந்துட்டீங்களா டீச்சர்?"

"என்னண்ணே ஆச்சு? விபத்தா?"

"அதெல்லாம் இல்ல. நானும் இந்த மாதிரி ஒரு ஸ்கூல் கூட்டத்தோடதான் முதல்ல இங்க வந்தேன். கிளம்பும்போது எல்லாரும் ஈரச் சுவத்துல கை வெச்சோம், ஞாபகத்துக்கு. அடுத்து வந்தவங்க அதுமேல பூசிட்டாங்க."

"பூசினா?"

"பூசினா, கை அங்க இருக்கு." குடையை எங்கேயோ மறந்துவிட்டு வந்தவர் மாதிரி சொன்னார். "வலியெல்லாம் இல்ல. எதையோ தாங்கிட்டு நிக்கற மாதிரி இருக்கும். தோள்தான் கடுக்கும், படுத்தாலும் கடுக்கும். ஊருக்குப் போய்ப் பார்த்தேன், இருப்புக் கொள்ளல. திரும்பி வந்துட்டேன். கை இருக்கற இடத்துலதானே ஆளும் இருக்கணும்."

ஆற்றின் இரைச்சல் காதை அடைத்தது.

"அந்தச் சுவத்துக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"மலைதான்." அவர் கயிற்றின் முடிச்சைச் சரிபார்த்தார். "மலை சும்மா நிக்குமா டீச்சர்? தள்ளும்."

"எங்க பிள்ளைங்க யாரும் கை வைக்க வேண்டாம். சார்கிட்டச் சொல்லுங்க. நாளைக்குக் கடைசி நாள், அதெல்லாம் வேண்டாம்."

அண்ணன் வானத்தைப் பார்த்தார். மலைக்கு மேல் மேகம் கறுத்து இறங்கியிருந்தது. "நாளைக்கு மழை இருக்கும்னு சார் இன்னைக்கே வெச்சுடச் சொல்லிட்டாரே. அங்க இருக்கற பசங்க இந்நேரம் வெச்சிருப்பாங்க."

கயிற்றில் மறுபடி ஆற்றைக் கடந்து, பாறையில், சேற்றில், ஊர்ச் சந்தில் அவள் எப்படி ஓடினாள் என்று பிறகு நினைவில்லை. சந்தின் இருபக்கமும் வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். அப்போதுதான் கவனித்தாள். எல்லாருமே ஒரு கையை மடியில் மறைத்து வைத்திருந்தார்கள். அவள் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொள்வாளே, அது மாதிரி.

அறையிலிருந்து பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். பக்கத்துக் குழாயில் கை கழுவிக்கொண்டு ஒருத்தன் முகத்தில் ஒருத்தன் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான்.

உள்ளே மகள் மட்டும் சுவர் முன்னால் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். காயாத இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுவரை மறுபடி பூசியிருந்தார்கள். அது முழுக்கக் கைகள். ஈரமாக, ஆழமாக, பெரிசும் சிறிசுமாக.

"எது உன்னோடது?"

"மிஸ், கோவப்படாதீங்க. எல்லாரும் கிளவுஸைக் கழட்டி வெச்சாங்க. நான் மட்டும் வைக்கலன்னா—"

"எதுடி உன்னோடது?"

மகள் கையைக் காட்டினாள். காயாத அந்த இடத்துக்குப் பக்கத்தில். மெலிந்த விரல்கள், நடுவில் ஆயுள் ரேகைகூடத் தெளிவாக விழுந்திருந்தது.

டீச்சர் கையில் கரணை இருந்தது. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. சுவரில் ஒரு பள்ளம் கண்டால் இழுத்து மூடிவிடுகிற கை அது. அவள் யோசிப்பதற்கு முன்னால் மேலே போய்விட்டது. தடத்தின் விளிம்பில் இரும்பு தொட்டபோதுதான் விழித்துக்கொண்டாள். மூடினால் போச்சு. மூடக் கூடாது. அப்படியே பெயர்த்து எடுத்துவிடலாம். கரணையின் முனையைத் தடத்துக்கு வெளியே குத்தி ஒரு கோடு இழுத்தாள்.

"அம்மா."

மகள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மணிக்கட்டைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு. தோல் கிழியவில்லை. கோடு மட்டும், உள்ளேயிருந்து வந்த மாதிரி.

கரணை கீழே விழுந்தது. டீச்சர் தாங்கிக்கொள்ளச் சுவரில் கை ஊன்றினாள். ஊன்றிய இடம் அந்தக் காயாத இடம். வெதுவெதுப்பு. அதற்குள் ஒரு துடிப்பு. நிதானமாக, அயர்ந்த நாடி. பூச்சுக்கு அடியில் ஐந்து மேடுகள் அவள் விரல்களுக்கு எதிரே வந்து நின்றன. ஒன்று கோணியிருந்தது. எந்த ஊர்ப் பிள்ளையோ. எவள் பெற்றதோ. மூடியது இவள்.

பூகோள சாரிடம் சொன்னாள். அவர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை. "உங்களுக்கு ரெஸ்ட் வேணும் மிஸ். பாப்பாவுக்கு சிமென்ட் அலர்ஜி. என் தங்கச்சி பையனுக்கும் இப்படித்தான், பெயிண்ட் பட்டாலே சிவந்துடும்."

அண்ணனிடம் கும்பிட்டுக் கேட்டாள். "அந்த ஒரு கை மேல மட்டும் பூச விடாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக்கறேன்."

"சொல்றேன் டீச்சர். வர்றவங்க பாஷை எனக்கு அரைகுறைதான். இருந்தாலும் சொல்றேன்." கையுறையைத் தடவிக்கொண்டார். "ஆனா மலை இந்த வருஷம் ரொம்ப அழுத்துது. இருக்கற கை பத்தல."

பாஷை தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்று, மறுநாள் கிளம்பும் முன் அறைக்குப் போய் அடுப்புக்கரியால் மகளின் தடத்தைச் சுற்றி அழுத்தமாக ஒரு வட்டம் போட்டாள். இரண்டாம் தடவையும் அதன் மேலேயே சுற்றினாள்.

மழையில் பஸ் இறங்கியது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். வளைவு ஒன்றில் எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட டிரைவர் ஓரம் கட்டினார். அதன் கூரையில் தார்ப்பாய் போர்த்திய சிமென்ட் மூட்டைகளும் புதுச் சட்டிகளும். ஜன்னல் முழுக்கப் பிள்ளைகள், வேறு சீருடை, வேறு முகங்கள். கை அசைத்தார்கள். நம் பிள்ளைகளும் அசைத்தார்கள்.

"நிறுத்துங்க. நான் இறங்கணும்."

"இங்க எப்படி மேடம் நிறுத்தறது? பின்னாடி லாரி," என்றார் டிரைவர்.

அந்த பஸ் மேலே போய்விட்டது.

அவள் அண்ணனின் எண்ணை மாற்றி மாற்றி அழுத்தினாள். சிக்னல் இல்லை. பஸ் இறங்கிக்கொண்டே இருந்தது. மத்தியானம் தாண்டி, மழை விட்டு, ஜன்னல் கண்ணாடியெல்லாம் பிள்ளைகளின் மூச்சில் மங்கிப் போன பிறகு, ஒருமுறை மணி அடித்தது. அண்ணன் எடுத்தார். பின்னணியில் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம். சட்டி உருளும் சத்தம். கரணை சுவரை இழுக்கிற சத்தம், சர்ர்க், சர்ர்க் என்று.

"அண்ணே, அந்த இடம். விட்டாங்களா?"

"நான் வர்றதுக்குள்ள ஆரம்பிச்சுட்டாங்க டீச்சர். நீங்க ஏன் வட்டம் போட்டீங்க? வட்டம் போட்ட இடத்துலதான் குறைன்னு நெனச்சு, மொதல்ல அதைத்தான்—"

தொடர்பு போய்விட்டது.

அவள் போனைப் பார்த்தாள். அப்பா சுவர் சுவராகத் தட்டிக்கொண்டு போவார். குறை கண்ட இடத்தைச் சொல்வார். சரியாகப் பூசச் சொல்லிக் கரியால் வட்டம் போட்டுக்கொண்டு பின்னாலேயே போவது அவள்தான்.

பக்கத்தில் மகள் தூக்கத்திலிருந்து விழித்தாள்.

"கை சில்லுனு இருக்கும்மா."

டீச்சர் அந்தக் கையைப் பிடித்து விரித்து வைத்துக்கொண்டாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளங்கையில் சதை தட்டென்று உள்வாங்கியது. கலவை வந்து விழுகிற வேகம். இன்னொன்று. இன்னொன்று. பிறகு இழுப்பு. கீழிருந்து மேலே. ஆயுள் ரேகை கரைந்தது. மேலிருந்து கீழே. மற்ற ரேகைகள். விரல்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஏதோ நிறைந்து வந்தது.

அவள் தேய்த்தாள். ஊதினாள். தன் சிமென்ட் தின்ற கைகளால் இறுக்கிப் பொத்திக்கொண்டாள். உள்ளே இழுப்பு நிற்கவில்லை. மட்டப்பலகை சுற்றுவது தெரிந்தது. வட்டம். வட்டம்.

"வலிக்குதா பாப்பா?"

"இல்ல. தோள்தான் கடுக்குது."

கை அவள் பிடியிலிருந்து நழுவி எழுந்தது. மகள் அதைப் பார்க்கவில்லை. அவள் கண் பாதி மூடியிருந்தது. கை தானாகப் போய் மலைப் பக்கக் கண்ணாடியில் பதிந்தது. தோள் புடைத்தது. கழுத்து நரம்பு தெறித்தது. அவள் தள்ளினாள்.

பின்சீட்டிலிருந்து ஒரு பையன் குரல்.

"மிஸ், என் கை சில்லுனு இருக்கு."

அதற்குப் பின்னால் இன்னொரு பெண்.

சுவரில் பதித்த கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. சீட்டு சீட்டாக. ஒரே பக்கம். பூகோள சார் முன்னால் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

டீச்சர் மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பலாக, வழவழப்பாக, கண்ணாடியில் ஒட்டிய ஒரே துண்டு. பிள்ளைகள் பூசிய பூச்சு. ஓரம் சீராக வரவில்லை. சுண்டுவிரலை மட்டும் விட்டிருந்தார்கள். நகமும் ரேகையுமாக, சிவப்பாக, அது ஒன்று மட்டும் வெளியே நின்று அசைந்தது. வளைந்து, அவள் விரலைத் தேடிப் பற்றிக்கொண்டது. அங்கே மேலே யாரோ ஒரு டீச்சர் இந்நேரம் சுவரிலிருந்து இரண்டு எட்டு தள்ளி நின்று, கண்ணைச் சுருக்கி, எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.